போன மேனேஜரை வைத்திருந்தால் நாம் ஜெயித்திருப்போமா?

முதலில் நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். கால்பந்து சீசன் தொடங்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அனுப்பப்பட்ட மேனேஜரை, அதாவது தலைமைப் பயிற்சியாளரை, வைத்திருந்தால் இந்நேரம் லீக் கோப்பை நம்மிடம் இருந்திருக்கும் என்கிறார் உங்கள் நண்பர் ஒருவர். கிளப்பைக் கெடுத்ததே அந்த மனிதர்தான், இப்போது இருப்பவர் அவர் விட்டுப்போனதைச் சுத்தம் செய்வதிலேயே காலத்தைக் கழிக்கிறார் என்கிறார் இன்னொருவர். இவர்களில் யார் சொல்வது சரி, வரும் சீசனில் நாம் எந்த இடத்தில் முடிப்போம் என்பது உங்கள் கேள்வி. எந்த கிளப் என்று நீங்கள் சொல்லவில்லை. அது ஒரு வகையில் நல்லதுதான், ஏனென்றால் இந்தச் சண்டை எல்லா கிளப் ரசிகர்களுக்குள்ளும் இதே வடிவில்தான் நடக்கிறது. உங்கள் கேள்விக்கு அடியில் வேறொரு கேள்வி இருக்கிறது: ஒரு அணியின் ஏற்ற இறக்கத்தில் மேனேஜரின் பங்கு எவ்வளவு, வெளியே உட்கார்ந்து பார்க்கிற நம்மால் அதைத் தனியாகப் பிரித்தெடுக்க முடியுமா? அதற்குப் பதில் தெரிந்தால் மற்ற இரண்டுக்கும் பாதி வழி வந்துவிடும்.

நான் புள்ளியியல் படித்தவன். 13 வருடமாக ஆட்டப் பதிவுகளைப் பார்த்து ஷாட்களைக் குறித்துத் தருவதுதான் என் வேலை. பந்து காலை விட்டுக் கிளம்பும் அந்த நொடியில் படத்தை நிறுத்துவேன். எந்த இடம், காலா தலையா, பந்துக்கும் கோலுக்கும் நடுவே எத்தனை பேர், கோல்கீப்பர் எந்தக் காலில் எடையை வைத்திருக்கிறார் என்று ஒவ்வொன்றாகப் பதிவு செய்துவிட்டு அடுத்த ஷாட்டுக்குப் போவேன். ஒரு ஆட்டத்துக்கு நாலு மணி நேரம் ஆகும். அணி அறைக்குள் நான் இருந்ததில்லை. ஒரு மேனேஜர் இடைவேளையில் என்ன பேசினார், ஒரு வீரரைத் தனியே கூப்பிட்டு எப்படித் தேற்றினார் என்பதெல்லாம் என் கணக்கில் வராது. கீழே சொல்வதை இந்தக் குறையோடு சேர்த்தே படியுங்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு: ஒரு சீசனின் 38 ஆட்டம் என்பது நாம் நினைப்பதை விட மிகக் குறைவு. ஒரு பெட்டியில் 100 சீட்டு போடுங்கள். 37 சீட்டில் வெற்றி, 26 சீட்டில் டிரா, 37 சீட்டில் தோல்வி என்று எழுதுங்கள். நடுத்தரமான ஒரு அணியின் பலம் ஏறக்குறைய இதுதான். ஒரு சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும். வெற்றிக்கு மூன்று, டிராவுக்கு ஒன்று என்று எண்ணி இப்படி 38 தடவை எடுத்தால் சராசரியாக 52 புள்ளி வரும். ஆனால் ஒவ்வொரு முறையும் 52 வராது. மூன்று முறையில் இரண்டு முறை 44க்கும் 60க்கும் நடுவில் எங்கேயாவது நிற்கும், மூன்றாவது முறை அதற்கும் வெளியே போய்விடும். இதே பெட்டி, இதே சீட்டு, யாரும் எதையும் மாற்றவில்லை. இங்கிலாந்தின் முதல் டிவிஷனான பிரீமியர் லீக்கில் 2023-24இல் 60 புள்ளி எடுத்த அணிகள் 7, 8ஆம் இடங்களில் முடித்தன. 44 எடுத்திருந்தால் 15ஆம் இடம். அதே சீசனில் 10ஆம் இடத்துக்கும் 14ஆம் இடத்துக்கும் நடுவே இருந்தது மூன்றே மூன்று புள்ளி, அதாவது ஒரு வெற்றி. ஒரு மேனேஜர் அணியை 9ஆம் இடத்திலிருந்து 13ஆம் இடத்துக்கு இறக்கிவிட்டார் என்று யாராவது கொதித்தால், முதலில் புள்ளி வித்தியாசம் எவ்வளவு என்று கேளுங்கள். பல சமயம் அங்கேயே பேச்சு முடிந்துவிடும்.

இடத்தைப் பார்க்காமல் புள்ளியைப் பார்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நம் இடத்தைத் தீர்மானிப்பதில் எதிராளிக்கும் பாதிப் பங்கு உண்டு. லெஸ்டர் சிட்டி 2015-16இல் 81 புள்ளியோடு சாம்பியன் ஆனது. 2017-18இல் மான்செஸ்டர் யுனைடெட்டும் அதே 81 புள்ளிதான் எடுத்தது, ஆனால் 100 புள்ளி எடுத்த மான்செஸ்டர் சிட்டிக்கு 19 புள்ளி பின்னால் நின்றது. லிவர்பூல் 2018-19இல் 97 புள்ளி எடுத்தும் இரண்டாமிடம். இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அண்மையில் நடந்தது. லிவர்பூல் மேனேஜர் யூர்கன் க்ளாப் அங்கே தன் கடைசி சீசனான 2023-24இல் 82 புள்ளி எடுத்து மூன்றாவதாக முடித்தார். அடுத்து வந்த ஆர்னே ஸ்லாட் 84 புள்ளி எடுத்து சாம்பியன் ஆனார். இரண்டு புள்ளி! நடுவில் மாறியது என்னவென்றால், 91 எடுத்திருந்த மான்செஸ்டர் சிட்டி 71க்கு இறங்கியது. இதனால் ஸ்லாட்டின் பெருமை குறையாது. க்ளாப் மாதிரி ஒருவர் போன பிறகு அணி தடுமாறாமல் நின்றதே பெரிய சாதனை, அந்தக் கோடையில் அவருக்கு உடனே ஆடக் கிடைத்த புது ஆள் கியேசா ஒருவர்தான். ஆனால் க்ளாப்பால் கடைசி வருடம் முடியாததை ஸ்லாட் முடித்துக் காட்டினார் என்று யாராவது சொன்னால், அந்த வாக்கியத்தில் பாதி லிவர்பூலைப் பற்றியதே அல்ல.

சரி, புள்ளியும் ஏமாற்றும் என்றால் எதைப் பார்ப்பது? என் வேலை இங்கேதான் உதவுகிறது. ஒவ்வொரு ஷாட்டும் கோலாகும் வாய்ப்பு எவ்வளவு என்று, அதே மாதிரியான ஆயிரக்கணக்கான பழைய ஷாட்களை வைத்து மதிப்பிடலாம். பெனால்டி என்றால் நான்கில் மூன்று கோலாகும். எல்லா ஷாட்டையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் பத்தில் ஒன்று. வெகு தொலைவிலிருந்து அடிப்பது முப்பதில் ஒன்று தேறினாலே அதிகம். ஒரு ஆட்டத்தில் ஒரு அணி அடித்த எல்லா ஷாட்டின் வாய்ப்பையும் கூட்டினால் வருவதைத்தான் எக்ஸ்ஜி என்கிறார்கள், நான் வாய்ப்புக் கணக்கு என்பேன். அடித்த கோலை விட இந்த எண் அடுத்த சீசனைப் பற்றி நம்பகமாகப் பேசும், ஏனென்றால் வாய்ப்பை உருவாக்குவதும் தடுப்பதும் ஓரளவு நிலைத்து நிற்கும் பழக்கம். கிடைத்த வாய்ப்பு வலைக்குள் போகிறதா, கம்பத்தில் படுகிறதா என்பது வாரத்துக்கு வாரம் மாறும்.

ஒரு ஆட்டத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். 2017 டிசம்பர் 2, ஆர்சனல் மைதானத்தில் மான்செஸ்டர் யுனைடெட் 3-1 என்று வென்றது. மோரின்யோ மேனேஜராக இருந்த யுனைடெட் பதினோரு நிமிடத்துக்குள் இரண்டு கோல் அடித்தது. அதற்கப்புறம் நடந்ததைப் பதிவில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஆர்சனல் 33 ஷாட் அடித்தது. கோல்கீப்பர் டி ஹேயா 14 ஷாட்டைத் தடுத்தார். இரண்டாம் பாதியில் லகாசெட் அருகில் நின்று அடித்ததைத் தட்டிவிடுகிறார், திரும்பி வந்த பந்தை அலெக்ஸிஸ் சான்செஸ் அடிக்க, விழுந்து கிடந்த நிலையிலேயே காலை நீட்டி அதையும் தடுக்கிறார். மறுநாள் செய்திகளில் அது யுனைடெட்டின் பெரிய வெற்றி, மேனேஜரின் திட்டம் பலித்த நாள். ஷாட் பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு அது ஒரு கோல்கீப்பர் தனியாகக் காப்பாற்றிய நாள். அந்த சீசன் முழுக்கவே கொஞ்சம் அப்படித்தான் போனது. லீக்கில் யுனைடெட் வாங்கிய கோல் 28, டி ஹேயா கோல் வாங்காத ஆட்டம் 18. இரண்டாமிடம் வந்ததைத் தன் வாழ்க்கையின் சிறந்த வேலைகளில் ஒன்று என்று மோரின்யோ பிறகு சொன்னார். அடுத்த சீசன் டிசம்பரில் அவரை அனுப்பியபோது 17 லீக் ஆட்டத்தில் 29 கோல் வாங்கியாகிவிட்டது, போன வருடம் முழுக்க வாங்கியதை விட ஒன்று அதிகம். அதே மேனேஜர், அதே கோல்கீப்பர், பெரும்பாலும் அதே டிஃபென்டர்கள். ஒரு வருடத்தில் அவருக்கு வேலை மறந்துபோகவில்லை. டி ஹேயா மறைத்து வைத்திருந்த ஓட்டை வெளியே தெரிந்தது. அறைக்குள் உறவு கெட்டுப்போனதும் அதோடு சேர்ந்துகொண்டது. இதில் எது எவ்வளவு என்று பிரிக்க என்னால் முடியாது. 2018 கோடையில் இந்த ஷாட் கணக்கைப் பார்த்த யாருக்கும் வீழ்ச்சி ஆச்சரியமாக இருந்திருக்காது என்பதை மட்டும் சொல்வேன்.

அடுத்தது மேனேஜரை மாற்றியதும் அணி எழுந்துவிட்டது என்கிற வாதம். உங்கள் இரண்டாவது நண்பர் இதைத்தான் வேறு சொல்லில் சொல்கிறார் என்று நினைக்கிறேன். மேனேஜரை எப்போது அனுப்புகிறார்கள்? தொடர்ந்து தோற்கும்போது. தொடர்ந்து தோற்பதில் திறமைக் குறைவும் உண்டு, துரதிர்ஷ்டமும் உண்டு. துரதிர்ஷ்டம் உச்சத்தில் இருக்கும் நேரம் பார்த்து ஆளை மாற்றினால், அடுத்த சில வாரம் அணி தானாகவே கொஞ்சம் தேறும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இது. பாஸ் தெர் வீல் என்ற பொருளாதார ஆய்வாளர் 1986 முதல் 2004 வரையிலான நெதர்லாந்து முதல் டிவிஷன் ஆட்டங்களை எடுத்து, மேனேஜரை மாற்றிய அணிகளையும், அதே அளவு சரிவில் இருந்தும் மாற்றாமல் விட்ட அணிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் மீண்டு வந்தன. புது ஆள் வந்ததால் கூடுதல் பலன் எதையும் அவர் காணவில்லை. இது சராசரியைப் பற்றிய முடிவு என்பதை மறக்க வேண்டாம். எந்த மாற்றமும் பலிக்காது என்று இதற்குப் பொருள் இல்லை. மாற்றியவுடன் வருகிற ஆறு வெற்றியை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது, அவ்வளவுதான். சோல்ஷயர் தற்காலிகமாக யுனைடெட்டுக்கு வந்து 19 ஆட்டத்தில் 14 வென்றதும் நிரந்தர ஒப்பந்தம் கொடுத்தார்கள். கொடுத்த கையோடு அந்த ஓட்டம் நின்றுவிட்டது.

இதன் மறுபக்கம்தான் எனக்கு இன்னும் பிடிக்கும். லிவர்பூலுக்கு வருமுன், 2014-15இல், க்ளாப்பின் டோர்ட்மண்ட் ஜெர்மன் லீக்கில் குளிர்கால இடைவேளையில் 17ஆம் இடத்தில் இருந்தது. க்ளாப்பின் காலம் முடிந்துவிட்டது என்று எழுதாதவர்கள் குறைவு. லிவர்பூலின் ஆய்வுத் துறைத் தலைவராக இருந்த இயன் கிரஹாம் அந்த ஆட்டங்களை வாய்ப்புக் கணக்கில் வைத்துப் பார்த்து, அணி மோசமாக ஆடவில்லை, அதிர்ஷ்டம்தான் கைவிட்டது என்ற முடிவுக்கு வந்தார். டோர்ட்மண்ட் கடைசியில் 7ஆம் இடத்துக்கு ஏறியது. 2015 அக்டோபரில் க்ளாப் லிவர்பூலுக்கு வந்தார், மீதி உங்களுக்குத் தெரியும். பிரென்ட்ஃபோர்டில் தாமஸ் ஃப்ராங்க் 2018இல் பொறுப்பேற்ற முதல் பத்து ஆட்டத்தில் எட்டில் தோற்றார். கிளப் அசையவில்லை. 2021இல் அவர்தான் அந்த அணியை 74 வருடத்துக்குப் பிறகு முதல் டிவிஷனுக்குக் கொண்டுபோனார்.

இதைப் படிக்கும்போது பொறுமையாக இருந்தால் எல்லாரும் பெர்குசன் ஆகிவிடுவார்கள் என்று உங்கள் முதல் நண்பர் துள்ளிக் குதிக்கலாம். அங்கே நான் அவரோடு நிற்க மாட்டேன். அலெக்ஸ் பெர்குசன் 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்தார், 1989-90இல் 13ஆம் இடத்தில் முடித்தார், முதல் லீக் பட்டம் 1992-93இல்தான் கிடைத்தது. இதெல்லாம் உண்மை. ஆனால் நேரம் கொடுத்தும் ஒன்றும் செய்யாமல் போனவர்கள் எத்தனையோ பேர், அவர்களின் பெயர் யாருக்கும் நினைவில்லாததால் அந்த வாதத்தில் அவர்கள் வருவதே இல்லை. ஜெயித்தவரை மட்டும் எண்ணினால் பொறுமை எப்போதும் பலிக்கும். பொறுமை எப்போது நியாயம் என்றால், வாய்ப்புக் கணக்கு நன்றாக இருந்து புள்ளி மட்டும் வராதபோது. இரண்டுமே மோசமாக இருந்தால் காத்திருப்பதில் பயனில்லை.

பணத்தைப் பற்றிப் பேசாமல் மேனேஜரை மதிப்பிட முடியாது. ஸ்டெஃபன் சிமான்ஸ்கி என்ற பொருளாதார அறிஞர் 1978 முதல் 1997 வரை 40 ஆங்கில கிளப்புகளின் சம்பளச் செலவையும் லீக் இடத்தையும் ஒப்பிட்டார். நீண்ட காலச் சராசரியில், இடங்களுக்கு நடுவே இருந்த வேறுபாட்டில் 92 சதவீதம் சம்பளச் செலவோடு ஒத்துப் போனது. வீரர்களை வாங்க டிரான்ஸ்ஃபருக்குக் கொட்டிய தொகை அவ்வளவு ஒத்துப் போகவில்லை. நல்ல வீரருக்கு யார் அதிகம் தருகிறார்களோ அவர்களிடம் நல்ல வீரர் இருக்கிறார் என்பதைத் தாண்டி இதில் மர்மம் ஏதும் இல்லை. இரண்டு எச்சரிக்கை சொல்ல வேண்டும். ஒரே சீசனை எடுத்தால் இந்தப் பிணைப்பு வெகுவாகத் தளரும், லெஸ்டர் பட்டம் வென்றது அந்தத் தளர்ச்சியில்தான். அப்புறம், நன்றாக ஆடும் கிளப்புக்குப் பணம் வருகிறது, பணம் வந்தால் சம்பளம் ஏறுகிறது. ஆகவே காரணம் ஒரு பக்கமாக மட்டும் ஓடவில்லை. இருந்தாலும் என் கருத்தில் நேர்மையான அளவுகோல் இதுதான்: உங்கள் கிளப் சம்பளச் செலவில் லீக்கில் எத்தனையாவது? ஏழாவது என்றால், மூன்று வருடம் ஐந்தாவதாக முடித்துக் கொடுத்த மேனேஜர் பெரிய வேலை செய்திருக்கிறார், அவர் கோப்பை எதுவும் தூக்காவிட்டாலும் கூட.

கோப்பை என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். போஸ்டெகோக்லூவின் டோட்டன்ஹாம் 2024-25இல் லீக்கில் 22 ஆட்டம் தோற்று 17ஆம் இடத்தில் முடித்து, அதே மாதம் ஐரோப்பிய கிளப்புகளுக்கான இரண்டாம் நிலைக் கோப்பையான யூரோப்பா லீக்கை வென்றது. 2008க்குப் பிறகு அவர்கள் தூக்கிய முதல் கோப்பை. இரண்டு வாரத்தில் அவரை அனுப்பினார்கள். டென் ஹாக்கின் யுனைடெட் 2023-24இல் 8ஆம் இடம், வாங்கிய கோல் அடித்ததை விட ஒன்று அதிகம், ஆனால் இங்கிலாந்தின் நாக்-அவுட் கோப்பையான எஃப்ஏ கோப்பை கையில். அவரை வைத்துக்கொண்டார்கள், அக்டோபரில் அனுப்பினார்கள். கோப்பையின் நாக்-அவுட் கட்டம் என்பது ஆறேழு ஆட்டம்தான், அடுத்த லீக் சீசனைப் பற்றி அது அதிகம் சொல்லாது. ஆனால் ரசிகனுக்கு அந்த இரவு ஆயுள் முழுக்க நிற்கும். பதினேழு வருடம் காத்திருந்தவரிடம் போய் அது வெறும் ஆறேழு ஆட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வராது, சொல்லவும் கூடாது. எதைக் கொண்டாடுவது, எதை வைத்துக் கணிப்பது என்பவை இரண்டு தனித்தனிக் கேள்விகள்.

இத்தனை சொன்னதால் மேனேஜர் ஒரு பொருட்டே இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரையன் க்ளஃப் 1974இல் லீக் சாம்பியனான லீட்ஸில் 44 நாள்தான் தாக்குப்பிடித்தார். அதே மனிதர் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டை 1977இல் இரண்டாம் டிவிஷனிலிருந்து மேலே கொண்டுவந்து, 1978இல் லீக் பட்டம், 1979, 1980 இரண்டு வருடமும் ஐரோப்பியக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். இதை அதிர்ஷ்டம் என்று ஒதுக்க எந்தக் கணக்கும் இடம் தராது. ஆனால் லீட்ஸும் உண்மைதான். ஒரு மேனேஜர் நல்லவரா என்பது பாதிக் கேள்விதான், எந்த அணிக்கு, எந்த நேரத்தில் என்பது மீதி. உனாய் எமரியை ஆர்சனல் 2019 நவம்பரில் அனுப்பியது. அவர் வில்லாரியலுக்குப் போய் 2021இல் யூரோப்பா லீக் வென்றார், பிறகு கீழே தத்தளித்த ஆஸ்டன் வில்லாவுக்கு வந்து 2023-24இல் நான்காமிடத்தில் நிறுத்தினார். அவரை அனுப்பியதில் ஆர்சனல் தவறு செய்ததா? அவருக்குப் பின் வந்த ஆர்டேட்டா இரண்டு முறை 8ஆம் இடம், ஒரு முறை 5ஆம் இடம் என்று முடித்துவிட்டு, அப்புறம் தொடர்ந்து மூன்று வருடம் இரண்டாமிடம் வந்தார். இரண்டு கிளப்புமே லாபம் பார்த்தன. உங்கள் நண்பர்கள் இருவருமே யோசிக்காத விடை இது.

இன்னொன்றும் அவர்கள் கணக்கில் வருவதில்லை. விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் இன்னொருவர். லெஸ்டர் அதிசயத்தை மேனேஜர் ரனியேரியின் பெயரில்தான் நினைவு வைத்திருக்கிறோம், அவர் அதற்குத் தகுதியானவர்தான். ஆனால் அதற்கு முந்தைய சீசனின் கடைசி ஒன்பது ஆட்டத்தில் ஏழை வென்று அணியைக் காப்பாற்றியவர் நைஜல் பியர்சன். முக்கிய வீரர்களான வார்டியும் மஹ்ரெஸும் அந்த கிளப்புக்கு வந்ததும் அவர் காலத்தில்தான். பிறகு கோடையில் என்கோலோ கான்டே என்ற வீரர் வந்தார். பட்டம் வென்ற பிறகு கான்டே செல்சிக்குப் போனார், லெஸ்டர் சரிந்தது, ஒன்பதே மாதத்தில் ரனியேரியை அனுப்பினார்கள். வெங்கர் 1996இல் ஆர்சனலுக்கு மேனேஜராக வந்தபோது முன்வரிசை வீரர் பெர்க்காம்ப் ஏற்கெனவே அங்கே இருந்தார். அவரை வாங்கியது ஒரே சீசன் இருந்துவிட்டுப் போன புரூஸ் ரியோக் காலத்தில். பின்வரிசையைக் கட்டியதோ அதற்கும் முந்தைய ஜார்ஜ் கிரஹாம். எதிர்த் திசையிலும் இது நடக்கும். 2012-13இல் 89 புள்ளி எடுத்த யுனைடெட் அடுத்த வருடம் டேவிட் மோயஸ் மேனேஜராகத் தொடங்கிய சீசனில் 64 புள்ளிக்கு இறங்கி 7ஆம் இடத்தில் நின்றது. ஆறு வருட ஒப்பந்தம் பத்து மாதத்தில் முடிந்தது. மோயஸ் தவறு செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் கைக்கு வந்தது ஸ்கோல்ஸ் ஓய்வு பெற்ற அணி. கிக்ஸ், ஃபெர்டினாண்ட், விடிச், எவ்ரா எல்லாரும் முப்பதைத் தாண்டியவர்கள். பெர்குசனோடு கிளப் நிர்வாகத் தலைவர் டேவிட் கில்லும் அதே கோடையில் விலகியிருந்தார். அந்த 25 புள்ளியில் மோயஸின் பங்கு எவ்வளவு என்று எனக்குத் துல்லியமாகச் சொல்லத் தெரியாது. முழுவதும் அவருடையது அல்ல என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆகவே உங்கள் நண்பர்களின் சண்டைக்கு வருகிறேன். 'அவரை வைத்திருந்தால்' என்பதை யாராலும் நிரூபிக்க முடியாது, அந்த சீசன் நடக்கவே இல்லை. ஆனால் அவர் போன நாளில் கிளப் எப்படி இருந்தது என்பதைப் பார்க்கலாம். அவருடைய கடைசி 30, 40 லீக் ஆட்டத்தில் வாய்ப்புக் கணக்கு ஏறிக்கொண்டிருந்ததா, இறங்கிக்கொண்டிருந்ததா என்று முதலில் பாருங்கள். அவர் வந்தபோது முதல் பதினொருவரின் சராசரி வயது என்ன, போனபோது என்ன? வயதான அணியை வாங்கி இளமையான அணியை விட்டுப்போனவர், புள்ளி குறைவாக எடுத்திருந்தாலும் கிளப்புக்கு நல்லது செய்தவர். அவர் வாங்கிய வீரர்களில் இன்று எத்தனை பேர் முதல் பதினொன்றில் இருக்கிறார்கள்? இங்கே கொஞ்சம் கவனம் தேவை, ஏனென்றால் இப்போதெல்லாம் பல கிளப்பில் வீரரைத் தேர்ந்தெடுப்பது மேனேஜர் அல்ல, அதற்கென்று விளையாட்டு இயக்குநரும் ஆய்வுக் குழுவும் இருக்கிறார்கள். பழியும் புகழும் யாருக்குப் போக வேண்டும் என்பது வெளியில் தெரியாது. எல்லாவற்றையும் சம்பளச் செலவின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான்கும் ஒரே திசையைக் காட்டினால் ஒரு நண்பர் ஜெயித்தார் என்று வைத்துக்கொள்ளலாம். நான் இப்படிப் பார்த்த மேனேஜர்களில் பெரும்பாலோருக்கு இரண்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம் என்றுதான் வந்திருக்கிறது.

வரும் சீசனுக்கு என் வழக்கத்தைச் சொல்கிறேன். ஒவ்வொரு கோடையிலும் ஒரு நோட்டில் 20 அணிக்கும் எழுதி வைப்பேன். இடத்தை எழுத மாட்டேன், புள்ளியை ஒரு வரம்பாக எழுதுவேன், உதாரணமாக 50 முதல் 64 வரை. போன இரண்டு சீசனின் வாய்ப்புக் கணக்குதான் அடித்தளம், அண்மைக் காலத்துக்குக் கொஞ்சம் கூடுதல் எடை. அளவுக்கு மீறி உயர்ந்த அணியை நடுவை நோக்கிச் சற்று இறக்குவேன், தாழ்ந்த அணியைச் சற்று ஏற்றுவேன். ஐரோப்பியப் போட்டி இருக்கிறதா என்று பார்ப்பேன். 2016-17இல் மேனேஜர் அன்டோனியோ கொன்டேயின் செல்சி 93 புள்ளியோடு வென்றபோது அவர்களுக்கு ஐரோப்பிய ஆட்டமே இல்லை, வாரம் முழுக்கப் பயிற்சிக்கு இருந்தது. நியூகாசிலோ 71 புள்ளி எடுத்துவிட்டு சாம்பியன்ஸ் லீக்கோடு ஆடிய அடுத்த சீசனில் 60க்கு வந்தது, காயமும் சேர்ந்துகொண்டது. ஆட்ட நேரத்தில் பெரும்பகுதியைச் சுமக்கும் வீரர்கள் முப்பதைத் தாண்டியிருந்தால் குறைப்பேன். புதிதாக மேலே வந்த அணிகளை இப்போது முன்பை விடக் கீழே வைக்கிறேன், 2023-24, 2024-25 இரண்டு சீசனிலும் வந்த மூன்று அணியும் அப்படியே திரும்பிப் போயின. சீசனுக்கு முந்தைய நட்பு ஆட்டங்களுக்கு நான் எடையே கொடுப்பதில்லை. பயிற்சியில் வீரர்கள் முகத்தில் சிரிப்பு இருக்கிறது என்ற செய்திக்கும் அப்படியே. புது மேனேஜருக்கு மட்டும் வரம்பை இரண்டு பக்கமும் அகலமாக்குவேன், நடுவை நகர்த்த மாட்டேன். 2015 நோட்டில் லெஸ்டருக்கு நான் எழுதிய வரம்பின் உச்சி 50. அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன், ஏனென்றால் அந்தக் கோடையில் இருந்த தகவலை வைத்து இன்றைக்கு உட்கார்ந்தாலும் கிட்டத்தட்ட அதையேதான் எழுதுவேன்.

உங்கள் கிளப்பின் பெயரையும், கடந்த இரண்டு சீசனின் எக்ஸ்ஜியையும் (அடித்தது, வாங்கியது இரண்டும் வேண்டும்) எழுதுங்கள், பல தளங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. என் வரம்பைச் சொல்கிறேன். உங்கள் நண்பர்கள் இருவரையும் ஆளுக்கொரு வரம்பு எழுதித் தேதியோடு கையெழுத்துப் போட்டு உங்களிடம் தரச் சொல்லுங்கள். முதல் ஆறு ஆட்டம் முடிந்ததும் அதைத் திறக்க வேண்டாம், அதற்குள் சும்மாவே மூன்று புள்ளி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகும். பதினைந்தாவது ஆட்டத்துக்குப் பிறகு எடுத்துப் பாருங்கள்.